சம்மேத சிகரமும் வலியறிதலும்

(அறக்கட்டளையின் விழாவில் நிகழ்த்தப்பெற்ற உரையின் எழுத்து வடிவம்)



இருபத்து நான்கு தீர்த்தங்கரர்களுள் விருஷபநாதர் கயிலையிலும், வாசுபூஜ்யர் சம்பாபுரியிலும், நேமிநாதர் கிர்நாரிலும், மகாவீரர் பாவாபுரியிலும் வீடுபேறு எய்தினர். ஏனைய இருபதின்மரும் வினை முழுவதும் உதிர்த்து விடுதலை பெற்ற இடம் ஒரே மலை. அதுவே ஸ்ரீ சம்மேத சிகரம். வாழ்நாளில் ஒருமுறையேனும் அம்மலையை ஏறி வணங்கவேண்டும் என்பது தமிழ்ச் சமணக் குடும்பங்கள் அனைத்திலும் தலைமுறை தலைமுறையாக இருந்துவரும் விருப்பம். சிலர் அதற்கென்றே உண்டியலில் பணம் சேர்ப்பர். சிலர் மகன் வேலைக்குச் சென்றதும் முதற்செலவு அதுவே என்பர். சிலர் போகவேண்டும் போகவேண்டும் என்று சொல்லியே காலமாகிவிடுவர்.

சிகரம் ஜார்க்கண்ட் மாநிலத்தின் கிரிடி மாவட்டத்தில் உள்ளது. பார்சுவநாதர் பெயரால் பாரஸ்நாத் மலை என வழங்கப்படும் அது 1,365 மீட்டர் உயரமுடையது. அம்மாநிலத்திலேயே உயர்ந்த சிகரம். அடிவாரத்து ஊர் மதுபன். அங்கிருந்து மேலேறும் தொலைவு ஏறத்தாழ 9 கிலோமீட்டர். மலைமுகட்டில் கூடங்கள்தோறும் சென்று திருவடிகளை வணங்கும் சுற்று மேலும் 9 கிலோமீட்டர். இறங்குவது 9 கிலோமீட்டர். ஆக 27 கிலோமீட்டர். இதனை ஒரே நாளில், பெரும்பாலோர் வெறுங்காலுடன், பலர் உண்ணாமல், சிலர் நீரும் அருந்தாமல் நடக்கின்றனர்.

பொன்னூர் மலையில் குந்தகுந்தாசாரியரின் திருவடியைத் தொழுது இறங்கியவர்களும், திருமலையில் சிகாமணிநாதரை வணங்கிவிட்டு மதிய உணவுக்கு வீடு திரும்பியவர்களும் மலையென்றால் இவ்வளவுதான் என்று எண்ணிவிடக்கூடும். அவை புனிதத்தில் குறைந்தவை அல்ல. ஆனால் அவை வெயில் காயும் நாட்டின் சிறு குன்றுகள். சிகரமோ வடநாட்டுக் குளிரும் மூடுபனியும் சூழ்ந்த பெருமலை. இவ்வேறுபாட்டை அறியாமல் சென்ற ஒரு குடும்பத்தின் ஒரு நாள் நிகழ்ச்சியே இன்றைய உரையின் பொருள். அதனை ஒரு கதையாகவே கொள்ளலாம். எனினும் குளிர்காலத்தில் சிகரம் ஏறியவர் எவருக்கும் அது புதிதாகத் தோன்றாது.

வந்தவாசிப் பக்கத்துச் சிற்றூர் ஒன்றில் அறுபத்தாறு வயதுடைய ஓர் அம்மையார் இருந்தார். கணவர் உயிருடன் இருந்த காலத்தில் இருவரும் சிகரம் செல்லவேண்டும் என்று பலமுறை பேசிக்கொண்டனர். ஒவ்வோர் ஆண்டும் ஏதேனும் ஒரு தடை நேர்ந்தது. கணவர் மறைந்தபின், ஊர் ஜினாலயத்தில் நின்று அம்மையார் ஒரு சங்கற்பம் செய்துகொண்டார். வெறுங்காலுடன் ஏறுவது, டோலியில் ஏறாதிருப்பது, மலையிறங்கும்வரை நீரும் பருகாதிருப்பது, இருபது தீர்த்தங்கரர் கூடங்களையும் விடாமல் வணங்குவது. கணவருக்கும் சேர்த்துத்தான் நடப்பதாக அவர் மனத்தில் எண்ணியிருந்தார். இதனை மகனிடமும் சொல்லவில்லை.

அரையாண்டு விடுமுறையில் ஊரார் பத்தொன்பது பேர் சேர்ந்து புறப்பட்டனர். அம்மையாருடன் மகனும், பதினோராம் வகுப்புப் படிக்கும் பேத்தியும் சென்றனர். குழுவின் மூத்தவர் பணி நிறைவு பெற்ற ஆசிரியர். முன்னரே மூன்று முறை சிகரம் ஏறியவர். மதுபனை அடைந்த இரவு அவர் எல்லாரையும் தருமசாலைக் கூடத்தில் அமரவைத்து, "நாளை நடப்பது நம் ஊர்க் குன்று அன்று. மேலே காற்று வீசும். மாற்றுத்துணி ஒன்று நனையாதபடி உறையிலிட்டு எடுத்துக்கொள்ளுங்கள். முடியாதவர் முடியாது என்று சொல்லிவிடுங்கள், அதில் இழிவு இல்லை" என்றார். எல்லாரும் தலையசைத்தனர். அம்மையாரும் தலையசைத்தார். மாற்றுத்துணி எடுத்துக்கொள்ளவில்லை.

அதிகாலை இரண்டரை மணிக்கு நடை தொடங்கியது. கையில் மூங்கிற்கோல், மறுகையில் விளக்கு. டோலி சுமப்போர் இருவர், "மாதாஜி, டோலி, டோலி" என்று அழைத்தபடி பின்தொடர்ந்தனர். அம்மையார் கையசைத்து மறுத்தார். அவர்கள் விலகிச் செல்லவில்லை. அகவை முதிர்ந்தவர் நடப்பதைக் கண்டால் சிறிது தொலைவு உடன் நடந்து பார்ப்பது அவர்கள் தொழிலின் இயல்பு. கந்தர்வ நாலா என்னும் ஓடையைக் கடந்தும் அவர்கள் பின்னே வந்தனர்; சீதா நாலாவைக் கடந்தும் வந்தனர்.

ஏற்றத்தில் குளிர் தெரியவில்லை. இங்கேதான் முதற்பிழை நேர்ந்தது. அம்மையார் அடிவாரத்திலேயே தடித்த கம்பளிச் சட்டை அணிந்து, அதன்மேல் சால்வையும் போர்த்தியிருந்தார். செங்குத்தான ஏற்றத்தில் உடல் சூடேறி வியர்த்தது. உள்ளே இருந்த பருத்திச் சேலையும் இரவிக்கையும் முதுகில் ஈரமாயின. ஏறும்வரை அந்த ஈரம் துன்பம் செய்யாது. முகட்டை அடைந்து, நடை தளர்ந்து, காற்று வீசத் தொடங்கியதும் அதுவே பகையாகும். ஈரத் துணி உடலின் வெப்பத்தை வெகு விரைவாக வெளியே கொண்டுபோய்விடும். உயரே செல்லச் செல்ல, ஆயிரம் மீட்டருக்கு ஏறத்தாழ ஆறரை டிகிரி என்ற அளவில் காற்றின் வெப்பமும் குறையும். மார்கழியில் மதுபனிலேயே இரவு வெப்பம் பத்து டிகிரிக்குக் கீழே இறங்குவதுண்டு. அப்படியானால் முகட்டின் நிலையை எண்ணிப் பார்க்கலாம்.

ஆறரை மணியளவில் கௌதம கணதரர் கூடத்தை அடைந்தனர். சூரியன் உதித்த நேரம். ஆனால் சூரியன் தெரியவில்லை. பனிமூட்டம் பத்தடிக்கு அப்பால் யாவற்றையும் மறைத்தது. இக்கூடம் ஒரு சந்தி. ஒருபுறம் செல்லும் பாதை குந்துநாதர் கூடத்தில் தொடங்கி, தொலைவிலுள்ள சந்திரபிரபர் கூடம்வரை சென்று திரும்பும். மறுபுறம் செல்வது பார்சுவநாதரின் சுவர்ணபத்திர கூடத்தை நோக்கியது. ஆசிரியர் அம்மையாரின் முகத்தைப் பார்த்தார். உதடுகள் வெளுத்திருந்தன, கைகள் நடுங்கின.

"தங்கச்சி, நீங்கள் இப்படியே பார்சுவநாதரை வணங்கிவிட்டு இறங்குங்கள். போதும்" என்றார்.

"இருபதும் வணங்குவதாகச் சொல்லியிருக்கிறேன், ஐயா" என்றார் அம்மையார்.

"யாரிடம்?"

அதற்கு அவர் விடை சொல்லவில்லை. குந்துநாதரின் ஞானதர கூடத்தை நோக்கி நடந்தார். மகன் பின்தொடர்ந்தான்.

நமிநாதர், அரநாதர், மல்லிநாதர், சிரேயாம்சநாதர், புஷ்பதந்தர், பத்மபிரபர், முனிசுவிரதர் என ஒவ்வொரு கூடத்திலும் பாறையில் பொறித்த திருவடிகள். ஒவ்வொன்றின்முன்னும் அம்மையார் முழந்தாளிட்டு வணங்கினார். எழும்போது ஒவ்வொரு முறையும் முன்னதைவிடச் சற்று அதிக நேரமாயிற்று. வடபுலத்தில் குளிர்காலத்திலும் இடையிடையே மெல்லிய மழை உண்டு. அன்றும் தூறல் விழுந்தது. சால்வை நனைந்தது. முனிசுவிரதர் கூடத்தோடு எட்டு நிறைவுற்றன. அடுத்தது சந்திரபிரபரின் லலித கூடம். தனித்து விலகிய ஒரு முகட்டில் நிற்கும் அதற்குப் போகும் வழி நீண்டது, ஏற்றமும் கடுமையானது.

அவ்வழியிற்றான் பேத்தி ஒன்றைக் கவனித்தாள். பாட்டி வழிநெடுகப் பஞ்ச நமஸ்கார மந்திரத்தை முணுமுணுத்துக்கொண்டு வந்தார். அறுபது ஆண்டுகளாக நாள்தோறும் சொல்லிவந்த மந்திரம் அது. உறக்கத்தில் கேட்டாலும் பிழையின்றிச் சொல்வார். இப்போது அருகரை அடுத்துச் சாதுக்கள் வந்தனர், சித்தர் விடுபட்டனர், மீண்டும் தொடங்கினார், மீண்டும் இடையில் நின்றது. நாக்கு குழறியது. கால் இருமுறை கல்லில் இடறியது.

"பாட்டி, குளிருகிறதா?" என்று பேத்தி கேட்டாள்.

"இல்லையம்மா. இப்போது குளிரவேயில்லை" என்றார் பாட்டி. அவருடைய நடுக்கம் நின்றிருந்தது.

உடன்வந்த பெண்கள் சிலர், "பகவான் அருள்; விரதத்தின் ஆற்றல்" என்று வியந்தனர். பேத்தி பள்ளியில் தேசிய மாணவர் படையில் முதலுதவி கற்றவள். அவள் தந்தையின் கையைப் பற்றி, "அப்பா, இது அருள் இல்லை. உடம்பின் சூடு இறங்கிவிட்டது. நடுக்கம் நின்றால் தேறிவிட்டார் என்று பொருளில்லை; நடுங்கவும் வலுவில்லை என்று பொருள். இனி ஒரு கூடமும் வேண்டாம்" என்றாள்.

அவள் சொன்னது மருத்துவ உண்மை. மனித உடலின் உள்வெப்பம் 35 டிகிரி செல்சியசுக்குக் கீழே இறங்கினால் அது ஆபத்தின் தொடக்கம். முதலில் நடுக்கம், பின்னர்ப் பேச்சுக் குழறல், கால் இடறல், நினைவுத் தடுமாற்றம். அதன்பின் நடுக்கம் நின்றுபோகும். அந்நிலையில் இருப்பவர் தமக்கு ஒன்றுமில்லை என்றே சொல்வார். ஏனெனில் நிலையை உணரவேண்டிய அறிவே மங்கத் தொடங்கியிருக்கும். ஆதலால் அவருடைய சொல்லை நம்பாமல் உடனிருப்போரே முடிவெடுக்கவேண்டும்.

காற்றுப் படாத ஒரு பாறை மறைவில் அம்மையாரை அமர்த்தினர். பெண்கள் சூழ்ந்து நின்று ஈரத் துணிகளைக் களைந்து, ஆசிரியரின் மனைவி வைத்திருந்த உலர்ந்த சேலையை உடுத்தினர். குழுவில் ஒருவருக்கு நீரிழிவு. அவர் விரதம் மேற்கொள்ளாமல், காய்ச்சிய வெந்நீரைக் குடுவையிலும் வெல்லத்தைப் பொட்டலத்திலும் கொண்டுவந்திருந்தார். வெல்லம் கரைத்த வெந்நீரைப் பேத்தி பாட்டியின் உதட்டருகே கொண்டுசென்றாள். பாட்டி முகத்தைத் திருப்பிக்கொண்டார்.

"சங்கற்பம்... உன் தாத்தாவுக்கு..." என்றார். அப்போதுதான் மகனுக்கு எல்லாம் விளங்கிற்று.

ஆசிரியர் அருகில் அமர்ந்தார். மெல்லிய குரலில் பேசினார்.

"தங்கச்சி, நீங்கள் எடுத்த விரதம் எதற்காக? வினை உதிர்வதற்காக. வினை உதிரவேண்டுமானால் விழிப்பு வேண்டும். இப்போது உங்கள் நாவில் நமஸ்கார மந்திரமே வரிசை தப்பி வருகிறது. மந்திரத்தை இழந்தபின் எந்த விரதத்தைக் காக்கப்போகிறீர்கள்? பிழைக்குப் பிராயச்சித்தம் உண்டு. இந்த உடம்பு இங்கேயே விழுந்துவிட்டால் இந்தப் பிள்ளை தன் வாழ்நாள் முழுவதும் அந்தத் துயரைச் சுமப்பாள். அதற்குப் பிராயச்சித்தம் எங்கே தேடுவது?"

அம்மையார் பேத்தியைப் பார்த்தார். அவள் அழுதுகொண்டிருந்தாள், குடுவையைப் பிடித்த கை மட்டும் அசையவில்லை. சிறிது நேரம் கழித்து அம்மையார் வாய் திறந்தார். ஒரு மிடறு, பின் இன்னொரு மிடறு.

கந்தர்வ நாலாவிலிருந்து பின்தொடர்ந்த டோலிக்காரர் இருவரும் அங்கே நின்றிருந்தனர். அவர்களுள் மூத்தவர் தம் தோளில் கிடந்த கம்பளியை எடுத்து, ஒன்றும் பேசாமல், அம்மையாரின் கால்களைச் சுற்றினார். டோலியில் அமர்த்தியபோது அம்மையாருக்கு மீண்டும் தயக்கம் வந்தது. இரண்டு மனிதரின் தோளில் ஏறிச் செல்வது அவர்களை வருத்துவதல்லவா என்று கேட்டார். பேத்தி தனக்குத் தெரிந்த இந்தியில் அதைச் சொன்னாள். அவர் சிரித்தார். "இந்த மலை எங்களுக்கும் சாமி. மாதாஜியை இங்கே விட்டுவிட்டு நான் எப்படி இறங்குவேன்?" என்றார்.

அவர் சொன்னது வெறும் மரியாதைப் பேச்சன்று. சந்தால் பழங்குடியினர் இம்மலையை மாரங் புரு என்று வணங்குகின்றனர். பெரிய மலை என்பது அதன் பொருள். தீர்த்தங்கரர்களை வணங்கச் செல்வோர், அம்மலையைத் தம் தெய்வமாகக் கொண்ட மக்களின் தோள்களிலும் ஏறிச் செல்கின்றனர் என்பதை மறத்தலாகாது. பேத்தி டோலியிலிருந்த பைகளை எடுத்துத் தன் முதுகில் மாட்டிக்கொண்டாள். கூலியை மகன் பேரம் பேசவில்லை.

கௌதமர் கூடத்துக்குத் திரும்பியபோது பனி சற்று விலகியது. தொலைவில் மேற்கே, மலையின் உச்சியில், பார்சுவநாதர் கோயிலின் சிகரம் ஒரு கணம் தெரிந்தது. டோலியை இறக்கச் சொல்லி, அமர்ந்தபடியே அம்மையார் கைகூப்பினார். பின்னர் மகனும் அவரும் மதுபனுக்கு இறங்கினர். பேத்தி குழுவினருடன் எஞ்சிய கூடங்களை வணங்கச் சென்றாள். நண்பகல் கடந்து சிறிது நேரத்தில் அம்மையார் தருமசாலையில் இருந்தார். அங்கு மார்கழியில் ஐந்து மணி சற்றுக் கடந்ததும் சூரியன் மறைந்துவிடும். நம் ஊரைவிட ஏறத்தாழ முக்கால் மணி முன்னதாக. இரவு உண்ணாமை காப்பவர் அதற்குள் திரும்பாவிட்டால் மறுநாள் காலைவரை உணவும் நீரும் இல்லை. அன்று அம்மையார் நான்கு மணிக்கே கஞ்சி அருந்திப் போர்த்திப் படுத்தார். மறுநாள் காலை ஆலயத்தில் தம் சங்கற்பப் பிழையைச் சொல்லி வணங்கி, பிராயச்சித்தமாக ஊர் திரும்பியபின் சில உபவாசங்களை ஏற்றுக்கொண்டார்.

பெருமக்களே, இந்நிகழ்ச்சியைக் கேட்ட சிலர், விரதம் முறிந்ததே என்று வருந்துவர். அறநூல்கள் இதனை எவ்வாறு நோக்குகின்றன என்று காண்பது தகும்.

தத்துவார்த்த சூத்திரத்தின் ஒன்பதாம் அத்தியாயத்தில் உமாஸ்வாமி ஆசாரியர் இருபத்திரண்டு பரீஷஹங்களை எண்ணுகிறார். பசி, தாகம் இரண்டும் முதலில் வருகின்றன; மூன்றாவது குளிர். ஆகவே குளிரைப் பொறுத்தல் துறவோரின் பயிற்சி என்பதில் ஐயமில்லை. ஆனால் எதற்காகப் பொறுக்கவேண்டும் என்பதையும் அவரே அதற்கு முன் கூறிவிடுகிறார். நெறியினின்று வழுவாமைக்கும், வினை உதிர்தற்குமே பரீஷஹங்கள் பொறுக்கப்படவேண்டும் என்பது அவர் கருத்து. குளிர் அறிவையே மயக்கி, நெறியை நினைவிலிருந்து அகற்றும் நிலை வந்தால், அதனைப் பொறுப்பதன் நோக்கம் அங்கே நிறைவேறாது.

அதே நூலின் ஆறாம் அத்தியாயம், தீர்த்தங்கரர் ஆவதற்குரிய நாமகர்மம் எவற்றால் கூடும் என்று பதினாறு காரணங்களைச் சொல்கிறது. சோடச காரண பாவனைகள் என்று போற்றப்படுபவை அவையே. அவற்றுள் தவமும் தியாகமும் உண்டு. ஆனால் அங்கே தவம் என்று மட்டும் சொல்லப்படவில்லை. ஆற்றலுக்கு ஏற்ற தவம், ஆற்றலுக்கு ஏற்ற தியாகம் என்றே சொல்லப்பட்டுள்ளது. ஆற்றலை மறைத்துச் சோம்பியிருப்பதும் அன்று. ஆற்றலுக்கு மீறித் தாவுவதும் அன்று. அப்பட்டியலிலேயே, தவத்தோர்க்கு உற்ற துன்பத்தைப் போக்கிப் பணிசெய்யும் வையாவிருத்தியமும் உள்ளது. அன்று பாறை மறைவில் வெந்நீர்க் குடுவையைப் பிடித்து நின்ற சிறுமியிடமும், தன் கம்பளியை ஈந்த டோலிக்காரரிடமும் அந்தப் பண்பின் சாயல் இருந்தது. இருபது தீர்த்தங்கரர்கள் வீடுபெற்ற மலையில், தீர்த்தங்கரத்துவத்துக்குக் காரணமான பண்புகள் கூடங்களில் மட்டும் அல்ல, வழியிலும் காணக்கிடைத்தன.

இங்கே ஒரு வினா எழும். சல்லேகனை நோற்று உடலை நீத்த பெரியோர் உள்ளனரே. செஞ்சிக்கு அருகில் திருநாதர்குன்றில் சந்திரநந்தி ஆசாரியர் ஐம்பத்தேழு நாள் உண்ணாநோன்பு இருந்து உயிர்நீத்ததைக் கல்வெட்டே கூறுகிறதே. அவ்வாறிருக்க, ஒரு சிராவகி உறுதியாக நின்றால் அதனைத் தடுப்பானேன் என்று கேட்கலாம். விடை எளிது. சல்லேகனை என்பது தீராப் பிணி, முதுமை, நீங்காத இடர் ஆகிய நிலைகளில், உரியவர் இசைவுடன், படிப்படியாக, தெளிந்த மனத்தோடு மேற்கொள்ளப்படுவது. அங்கே இறுதி மூச்சுவரை விழிப்பு இருக்கும். மலைக்காற்றில் ஈரத் துணியோடு நினைவு மங்கி விழுவது அதுவன்று. முன்னது நோன்பு, பின்னது கவனக்குறைவு. பிறவுயிர்க்குத் துன்பம் செய்யலாகாது என்ற அகிம்சை, தன் உடம்பையும் அதனை நம்பியிருப்போரையும் விலக்கிவைக்கவில்லை.

திருக்குறளின் பொருட்பாலில் வலியறிதல், காலமறிதல், இடனறிதல் என்று மூன்று அதிகாரங்கள் அடுத்தடுத்து அமைந்துள்ளன. அவை அரசனுக்குச் சொல்லப்பட்டவை. ஆயினும் சிகரம் ஏறும் யாத்திரிகர்க்கும் அம்மூன்றும் பொருந்தும்.

முதலில் வலியறிதல். புறப்படுவதற்கு இரண்டு மூன்று மாதம் முன்பிருந்தே நாள்தோறும் நடக்கவேண்டும். பொன்னூர் மலையை ஒருமுறை ஏறியது போதாது. ஒரே நாளில் பலமுறை ஏறி இறங்கிப் பார்த்தால்தான் தன் கால் எவ்வளவு தாங்கும் என்பது தெரியும். இதயநோய், நீரிழிவு, மூட்டுநோய் உடையோர் மருத்துவரைக் கேட்டபின்னரே விரதத்தை முடிவு செய்யவேண்டும். சங்கற்பம் செய்யும்போதே, உடல் இடங்கொடுக்கும்வரை என்ற சொல்லைச் சேர்த்துக்கொள்வது நன்று. அதைவிட நன்று, சங்கற்பத்தை வீட்டாரிடமும் சொல்லிவைப்பது. ஒருவர் மனத்துக்குள் மறைத்து வைத்த விரதத்தை மற்றவர் காக்கவும் இயலாது. காலத்தில் தளர்த்தவும் இயலாது.

அடுத்துக் காலமறிதல். குளிர்காலத்தில் பகல் குறுகியது. எத்தனை மணிக்கு எவ்விடத்தில் இருந்தால் மேலே செல்வது, இல்லையேல் திரும்புவது என்பதை அடிவாரத்திலேயே வகுத்துக்கொள்ளவேண்டும். முகட்டில் நின்று முடிவெடுத்தால், இன்னும் ஒரே ஒரு கூடம் என்ற ஆசை வென்றுவிடும். கௌதமர் கூடமே அதற்கு ஏற்ற இடம். அங்கே அனைவரும் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்துக்கொண்டு, யார் எப்பக்கம் செல்வது என்று தீர்மானிக்கலாம்.

மூன்றாவது இடனறிதல். ஏறும்போது மெல்லிய உடையும், முகட்டை அடைந்ததும் அதன்மேல் தடித்த உடையும் அணியவேண்டும். முதுகு நனைந்திருந்தால் காற்று வீசுமுன் உலர்ந்த துணிக்கு மாறவேண்டும். தலையையும் காதையும் மூடவேண்டும். விரதம் ஏற்காத ஒருவராவது வெந்நீரும் வெல்லமும் வைத்திருக்கவேண்டும். முதியவர் ஒவ்வொருவருக்கும் இளையவர் ஒருவர் துணை என்று பெயர் குறித்து ஒப்படைக்கவேண்டும். அந்த இளையவரின் வேலை பையைத் தூக்குவது மட்டுமன்று. பேச்சுக் கொடுத்துக்கொண்டே வருவதும் ஆகும். சொல் தடுமாறினால், கால் தடுமாறினால், நடுக்கம் திடீரென நின்றால் உடனே நிறுத்தவேண்டும். காற்றுப் படாத இடத்தில் அமர்த்தி, ஈரம் களைந்து, போர்த்தி, நினைவோடு இருந்தால் சூடான இனிப்பு நீர் கொடுத்து, கீழே கொண்டுசெல்லவேண்டும். கைகால்களைத் தேய்க்கலாகாது, நெருப்பருகே திடீரெனக் கொண்டுசெல்லவும் கூடாது. டோலி தேவைப்படலாம் என்று தோன்றினால் அடிவாரத்திலேயே பேசி உடன் அழைத்துச் செல்வது முறை. முகட்டில் தேடும்போது கிடைக்கும் என்ற உறுதியில்லை.

இவை யாவும் பக்தியைக் குறைப்பவை அல்ல. பூசைத் தட்டில் அரிசியை ஆய்ந்து, நீரை வடிகட்டிக் காய்ச்சி, ஒவ்வொன்றிலும் கவனம் செலுத்தும் மரபினர்க்கு மலைவழியிலும் அதே கவனம் வேண்டும் என்பதே பொருள். வடிகட்டும் துணியில் காட்டும் அக்கறையை ஈரச் சேலையிலும் காட்டவேண்டும்.

அந்த அம்மையார் ஊர் திரும்பிய மறுநாள், ஜினாலயத்து முற்றத்தில் பெண்கள் அவரைச் சூழ்ந்துகொண்டனர். யாத்திரை சென்றுவந்தவரை எல்லாரும் கேட்கும் கேள்விதான். "எத்தனை கூடம் வணங்கினீர்கள்?"

அம்மையார் தயங்கவில்லை.

"எட்டு. மீதிப் பன்னிரண்டும் என் பேத்தி வணங்கினாள். தாத்தாவுக்கும் சேர்த்து" என்றார்.

அருகில் நின்ற இளம்பெண் ஒருத்தி, அடுத்த ஆண்டு தானும் மாமியாரோடு செல்லவிருப்பதாகச் சொன்னாள். அம்மையார் அவள் கையைப் பிடித்துக்கொண்டு, "மாமியார் என்ன சங்கற்பம் செய்திருக்கிறார் என்று முதலில் கேட்டுத் தெரிந்துகொள். பிறகு இரண்டு சேலை எடுத்து வை. ஒன்று உறையில் இருக்கட்டும்" என்றார்.

சிகரம் செல்லவிருக்கும் ஒவ்வொரு குடும்பமும் நலமே ஏறி, நலமே வணங்கி, நலமே திரும்புக. ஜினதர்மம் வாழ்க. ஜெய் ஜினேந்திரா.